எஞ்சின் நின்றபின் கையில் இருக்கும் நிமிடங்கள்: சிறு விமானங்களில் அவசரத் தரையிறக்கப் பயிற்சி

2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் கீரனூர் அருகே இறங்கியது. நடுரோட்டில் விமானம் நிற்பதைப் பார்த்தால் சில கேள்விகள் இயல்பாகவே எழும். வானத்தில் எஞ்சின் நின்றுபோனால் விமானம் அப்படியே விழுந்துவிடாதா? எங்கே இறங்குவது என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? இதற்கெல்லாம் முன்கூட்டியே பயிற்சி உண்டா?

உண்டு. ஒற்றை எஞ்சின் விமானத்தில் பறக்கக் கற்பவர், தனியாகப் பறக்க அனுமதி பெறும் முன்பே எஞ்சின் செயலிழப்பைப் பழகிவிடுவார். பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை) பின்னுக்கு இழுத்துவிட்டு, "எஞ்சின் போச்சு, என்ன செய்வீங்க?" என்பார். மாணவர் ஒரு வயலைத் தேர்ந்து, அதை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வருவார். தரைக்கு மேல் சுமார் 500 அடி இருக்கும்போது பயிற்றுநர் "போதும், மேலே ஏறுங்க" என்பார். எஞ்சினுக்கு முழுச் சக்தி கொடுத்து மேலே ஏறிவிடுவார்கள்.

500 அடியோடு நிறுத்திக்கொள்வதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் நிஜமாகவே எஞ்சின் நின்றால் அந்த உயரத்தில் யாரும் "போதும்" என்று சொல்லப்போவதில்லை. உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் தீர்மானமாகிறது. இந்தப் பயிற்சி எதைக் கற்றுத்தருகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எஞ்சின் இல்லாமலும் விமானம் பறக்கும்

விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கை. இறக்கையின் மேல் போதிய வேகத்தில் காற்று ஓடிக்கொண்டிருந்தால் தூக்கு விசை கிடைக்கும். எஞ்சினின் வேலை அந்த வேகத்தைக் குறையவிடாமல் வைத்திருப்பது. எஞ்சின் நின்றதும் விமானி மூக்கைச் சற்றுக் கீழே சாய்க்கிறார். புவியீர்ப்பு அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு விலையாகக் கொடுப்பது உயரம்.

உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 விமானம், எஞ்சின் இல்லாமல் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே போகும். அதாவது 1000 அடி உயரம் இருந்தால் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் தூரமும் சுமார் 80 விநாடி நேரமும் கையில் இருக்கின்றன. 3000 அடியில் எஞ்சின் நின்றால் 8 கிலோமீட்டர், நான்கு நிமிடம். காற்றே இல்லாமல் நேர்கோட்டில் போனால் வரும் கணக்கு இது. திரும்பினால் குறையும், எதிர்க்காற்றில் இன்னும் குறையும். ஆடி மாதத்து மேற்குக் காற்று 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் எதிரே வீசினால், எட்டக்கூடிய தூரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

அதிகபட்சத் தூரம் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே. இதைச் சிறந்த சறுக்கு வேகம் என்று சொல்லலாம். செஸ்னா 152-க்கு 60 நாட், 172-இன் எஸ் வகைக்கு 68 நாட், பைப்பர் வாரியருக்கு 73 நாட் என்று ஒவ்வொரு விமானத்தின் கையேட்டிலும் இந்த எண் இருக்கும். 68 நாட் என்பது மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டர்.

இங்கேதான் மனித உள்ளுணர்வு தப்புக்கணக்குப் போடுகிறது. தேர்ந்தெடுத்த வயல் எட்டாது என்று தோன்றினால், கை தானாகவே கண்ட்ரோலைப் பின்னுக்கு இழுத்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். ஒரு கணம் பலன் தருவது போலவும் இருக்கும். ஆனால் வேகம் சறுக்கு வேகத்துக்குக் கீழே போகப் போக, இறக்கை அதே எடையைத் தாங்க அதிகக் கோணத்தில் காற்றைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. அதனால் இழுவிசை கூடி, விமானம் முன்னைவிடச் செங்குத்தாக இறங்கும்; எட்டும் தூரம் குறையும். இன்னும் தூக்கினால் இறக்கையின் மேல் ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு தூக்கு விசை சரிந்துவிடும். இதுதான் ஸ்டால். தரைக்கு அருகில் ஸ்டால் ஆனால் மீள உயரம் இருக்காது. எட்டாத வயலை மூக்கைத் தூக்கி எட்ட முயல்வதுதான் இந்தப் பாடத்தில் முதலில் தடுக்கவேண்டிய தவறு.

## செய்தியில் குழப்பமாக வரும் மூன்று சொற்கள்

ஊடகங்களில் எல்லாமே 'அவசரத் தரையிறக்கம்' என்றே வருகிறது. விமானத்துறை இதை மூன்றாகப் பிரிக்கிறது. மேற்கொண்டு பறக்கவே முடியாததால் இறங்குவது கட்டாயத் தரையிறக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும், எரிபொருள் குறைந்தோ வானிலை மோசமாகியோ, தொடர்வது புத்திசாலித்தனம் இல்லை என்று முடிவெடுத்து இறங்குவது முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம். நீரில் இறங்குவது மூன்றாவது. முன்னெச்சரிக்கைத் தரையிறக்கத்தில் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்க நேரம் இருக்கிறது; அதனால் ஆபத்தும் குறைவு. எஞ்சின் அரைகுறையாகத் திணறும்போது, "எப்படியாவது விமான நிலையம் வரைக்கும் போய்விடலாம்" என்று ஓட்டி, கடைசியில் முழுவதும் நின்று போய்க் கட்டாயத் தரையிறக்கத்தில் மாட்டிக்கொள்வது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கும் கதை.

## எஞ்சின் நின்றதும் செய்வது என்ன

வரிசை முக்கியம். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவக்கூடாது.

1. வேகம். மூக்கைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து, சறுக்கு வேகத்தைப் பிடித்து, டிரிம் செய்துவிட வேண்டும். டிரிம் என்பது கையை எடுத்தாலும் விமானம் அதே வேகத்தில் நிற்கும்படி சமன் செய்யும் சக்கரம். பதற்றத்தில் இதை விட்டுவிடுபவர்கள் அதற்குப் பிறகு ஒவ்வொரு நொடியும் வேகத்தோடு மல்லுக்கட்டுவார்கள்.

2. இடம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, எந்த வயல் என்று முடிவெடுத்து அதை நோக்கித் திரும்புவது.

3. காரணம். உயரமும் நேரமும் இருந்தால் மட்டும் எஞ்சினை உயிர்ப்பிக்கப் பார்ப்பது. எரிபொருள் தேர்வுக் குமிழை வேறு டேங்குக்கு மாற்றுவது, எரிபொருள் பம்ப்பைப் போடுவது, மிக்ஸ்சரை (எரிபொருளும் காற்றும் கலக்கும் விகிதத்தை மாற்றும் குமிழை) முழுக்கத் தள்ளுவது, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைச் சூடாக்கும் ஹீட்டை இழுப்பது, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் சரியான நிலையில் உள்ளதா என்று பார்ப்பது. இதைச் சடங்காக நினைக்கக்கூடாது. எந்தப் பழுதும் இல்லாத எஞ்சின், எரிபொருள் வந்து சேராததால் மட்டுமே நின்ற சம்பவங்கள் ஏராளம். பைப்பர் பிஏ-28 வகையில் இடது டேங்க், வலது டேங்க் என்றுதான் தேர்வு உண்டு. இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும் வசதி கிடையாது. ஒரு டேங்க் காய்ந்து எஞ்சின் நிற்க, மறு இறக்கையில் எரிபொருள் அப்படியே இருக்கும். குமிழைத் திருப்பினால் போதும்.

4. தகவல். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலோ 121.5 மெகாஹெர்ட்ஸிலோ மும்முறை 'மேடே' என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லி இடத்தைத் தெரிவிப்பது, ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண்ணை வைப்பது. ரேடியோ நான்காவது இடத்தில் இருப்பது வேண்டுமென்றேதான். எதிர்முனையில் இருப்பவரால் அந்த நேரத்தில் விமானத்தை ஓட்டித்தர முடியாது.

5. மூடுவது. இனி எஞ்சின் வராது என்று உறுதியானதும் எரிபொருளையும் மேக்னெட்டோவையும் அணைப்பது, பெல்ட்டை இறுக்குவது, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) இறக்கிய பிறகு மின்சாரத்தை நிறுத்துவது. மோதலில் சிந்தும் எரிபொருள் பற்றிக்கொள்ளாமல் இருக்கவே இது. கதவின் தாழையும் முன்பே விடுவித்துவைப்பார்கள். உடல்கூடு சற்று நெளிந்தாலே கதவு சிக்கிக்கொள்ளும்.

இந்த ஐந்தையும் ஒப்பிப்பது எளிது. மனப்பாடப் பகுதி என்பதால் தேர்வில் இதற்குத்தான் அதிக எடை கிடைக்கிறது. பல மாணவர்கள் காக்பிட்டுக்குள் தலையைக் குனிந்து மூன்றாவது புள்ளியைக் கச்சிதமாகச் செய்துகொண்டிருப்பார்கள். நிமிர்ந்து பார்த்தால் வயல் கைதவறிப் போயிருக்கும். குமிழ்களைச் சரிபார்க்கும் திறமையைவிட, வயலின் மேல் இருக்கும் கண்ணை எடுக்காத பழக்கம்தான் இதில் மதிப்பானது என்பது என் கருத்து.

## எந்த வயல்?

பயிற்சிப் புத்தகங்கள் அளவு, வடிவம், சரிவு, தரை, சுற்றுப்புறம் என்று ஐந்தைப் பார்க்கச் சொல்கின்றன. தரை எப்படி இருக்கும் என்பதை ஊருக்கு ஊர் தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நம் பக்கம் 2000 அடியிலிருந்து பச்சைப் பசேலென்று சமமாகத் தெரிவது பெரும்பாலும் நீர் நிற்கும் நெல் வயல். அதில் இறங்கினால் சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புறக் கவிழக்கூடும். அறுவடை முடிந்து காய்ந்த வயலும், உழாமல் விட்ட தரிசும் அதைவிட நல்லவை. ஆனால் வரப்புகள் மேலிருந்து கோடுகளாக மட்டுமே தெரியும். உயரம் தெரியாது. வற்றிய கண்மாய் அகலமாகவும் வெறுமையாகவும் இருக்கும். கரையோரத்துப் பனைமரங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சீமைக்கருவேலம் மண்டிய இடம் மேலிருந்து மென்மையான புதர் போலத் தோன்றும். உழுத நிலமாக இருந்தால் சாலின் திசையிலேயே இறங்குவது நல்லது. குறுக்கே இறங்கினால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

எதிரிகளில் மோசமானது மின்கம்பி. கம்பி மேலிருந்து தெரியவே தெரியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும். ஒரு கம்பம் தெரிந்தால் அடுத்த கம்பம் எங்கே என்று பார்த்து, இடையில் கம்பி இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் சாலை ஏன்? நீளமானது, கெட்டியானது, எளிதில் கண்ணில் படுவது. ஆனால் குறுக்கே போகும் கம்பிகள், மேம்பாலம், பெயர்ப்பலகை, நடுத்திட்டு எல்லாம் அங்கே இருக்கின்றன. மேலே விமானம் வருவது தெரியாமல் பேருந்தில் வருபவர்களும் இருக்கிறார்கள். பொதுவாகப் பயிற்றுநர்கள் திறந்த வெளிக்கே முன்னுரிமை தரச் சொல்வார்கள். சுற்றிலும் பாறையும் தோப்புமாக இருக்கும் பகுதியில், போக்குவரத்து குறைந்த நான்குவழிச் சாலையே மிஞ்சியதில் சிறந்ததாக இருக்கலாம். கீழே இருப்பவர்களின் உயிரும் இந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதை மறக்காமல் அந்த முடிவை எடுக்க வேண்டும்.

காற்றின் திசையைப் புகை, குளத்தின் அலை, ஆடும் பயிர் காட்டிக்கொடுக்கும். எதிர்க்காற்றில் இறங்குவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 65 நாட் வேகத்தில் வரும் விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் தரையைத் தொட்டால் தரை வேகம் 55. அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 75. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 20 நாட் வித்தியாசம் ஆற்றலைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிடுகிறது.

இதே கணக்குக்கு ஆறுதலான மறுபக்கமும் உண்டு. மனித உடல், பெல்ட் சரியாகப் போட்டிருந்தால், புவியீர்ப்பின் 9 மடங்கு வேகக்குறைப்பைச் சிறிது நேரம் தாங்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் விமானம் அந்த அளவில் சீராக நிற்பதற்குத் தேவையான தூரம் 10 அடிக்கும் குறைவு. 160 கிலோமீட்டரில் போனால் சுமார் 37 அடி. ஆகவே குறைந்த வேகத்தில், இறக்கை சமமாக, கட்டுப்பாட்டோடு தரையைத் தொட்டால் சின்ன வயலில்கூடப் பிழைக்கலாம். இறக்கை மரத்தில் அடிபட்டாலும், சக்கரம் பிய்ந்து போனாலும், உள்ளே இருப்பவர்கள் அமர்ந்திருக்கும் கூடு முழுதாக இருந்தால் போதும். விமானத்தைக் காப்பாற்ற நினைத்து இன்னும் நல்ல வயலை இன்னும் தூரத்தில் தேடுபவர்கள்தான் இரண்டையும் இழக்கிறார்கள்.

## உயரத்தைச் சரியாகச் செலவழிப்பது

வயலை நோக்கி நேரே போய் இறங்குவது கடினம். சறுக்குகோணத்தைத் தொலைவிலிருந்து கண்ணால் அளப்பது சிரமம் என்பதே காரணம். அதனால் வயலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இறங்கக் கற்றுத்தருகிறார்கள். வயலின் மேலே சுமார் 2000 அடியில் ஒரு நிலைப்புள்ளி. இறங்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் சுமார் 1000 அடியில் இன்னொன்று. இந்த இரண்டாவது புள்ளிதான் உயிர்நாடி. அங்கே வரும்போது விமானி தினமும் ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் அதே காட்சி கண்முன் இருக்கும். பழகிய கண் பழகிய கோணத்தைப் பார்க்கும். உயரம் அதிகமென்றால் வளைவை அகலமாக்கலாம், குறைவென்றால் குறுக்கே வெட்டி உள்ளே வந்துவிடலாம்.

கடைசித் திருப்பம் முடிந்ததும் கண்ணாடி வழியே இலக்கைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் அசையாமல் நிற்கும் புள்ளிதான் விமானம் போய்ச் சேரப்போகும் புள்ளி. இலக்கு கண்ணாடியில் மேலே ஏறிக்கொண்டே போனால் முன்னாலேயே விழுந்துவிடுவோம். கீழே இறங்கினால் தாண்டிவிடுவோம். முதலில் வயலின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளிக் குறிவைத்து, எட்டுவது உறுதியான பிறகு ஃபிளாப்பைப் படிப்படியாக இறக்கி இலக்கை முன்னே இழுத்துக்கொள்வார்கள். ஃபிளாப்பை இறக்கினால் செங்குத்தாக இறங்கலாம், ஆனால் தூரம் குறையும். இறக்கிய ஃபிளாப்பை அவசரமாக மேலே எடுத்தால் விமானம் தொப்பென்று அமுங்கும். அதனால் அது ஒருவழிப் பாதை.

உயரம் மிஞ்சினால் செலவழிக்க இன்னொரு வழி, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, ரட்டரை (வாலில் செங்குத்தாக நிற்கும் திருப்புபலகைக்கான மிதியை) எதிர்ப்பக்கம் மிதித்து, உடலைக் காற்றுக்குக் குறுக்கே காட்டி இறங்குவது. 1983 ஜூலை 23-இல் கனடாவில் எரிபொருள் தீர்ந்துபோன ஏர் கனடா போயிங் 767 விமானத்தை, கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்டிப் பழகிய அதன் கேப்டன் இதே முறையில் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். யாரும் உயிரிழக்கவில்லை. சிறு விமானத்தில் கற்ற ஒரு நுட்பம் அவ்வளவு பெரிய ஜெட்டிலும் பயன்பட்டது.

## புறப்பட்ட உடனே எஞ்சின் நின்றால்

இதுவரை சொன்னதெல்லாம் உயரம் கையில் இருக்கும்போது. 300 அடியில் நின்றால் நிலைப்புள்ளிக்கெல்லாம் இடமில்லை. மூக்கு மேலே தூக்கி ஏறிக்கொண்டிருக்கும் விமானத்தில் எஞ்சின் போனால் சில விநாடிகளில் வேகம் வடிந்துவிடும். முதல் வேலை மூக்கைத் துணிந்து கீழே தள்ளுவது. கீழே தரை அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அதற்கு மனம் ஒப்பாது. அதனால்தான் கை யோசிக்காமல் செய்யும்வரை பழக வேண்டியிருக்கிறது.

அடுத்து வரும் ஆசை, பின்னால் இருக்கும் ஓடுபாதைக்கே திரும்பிவிடுவது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பறத்தல் கையேடு இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. 300 அடி உயரம், 65 நாட் வேகம். திகைப்பில் 4 விநாடி போகிறது. நொடிக்கு 3 டிகிரி என்ற சாதாரண வேகத்தில் 180 டிகிரி திரும்ப ஒரு நிமிடம். திரும்பி முடித்தாலும் ஓடுபாதைக்கு நேராக இருக்கமாட்டோம். 4200 அடி பக்கவாட்டில் இருப்போம். இன்னும் 45 டிகிரி திரும்பினால்தான் அதை நோக்கவே முடியும். நிமிடத்துக்கு 1000 அடி இறங்கும் விமானம் அதற்குள் 1300 அடிக்கு மேல் இழந்திருக்கும். கையில் இருந்ததோ 300.

செங்குத்தாகச் சாய்த்துத் திரும்பினால் நேரம் வெகுவாகக் குறையும் என்பது உண்மை. 45 டிகிரி சாய்வில் அதே திருப்பம் 15 விநாடிக்குள் முடியலாம். ஆனால் அந்தச் சாய்வில் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் உயர்கிறது. 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் இப்போது கிட்டத்தட்ட 60-இலேயே ஆகிவிடும். தரை நெருங்கும் பயத்தில் கண்ட்ரோலைப் பின்னுக்கு இழுத்து, ரட்டரையும் கூடுதலாக மிதித்தால் ஒரு இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் சுழன்று விழும். மீள முடியாத விபத்து அது. ஆகவே பொதுவிதி: போதிய உயரம் எட்டும்வரை நேரே முன்னால், அல்லது இருபக்கமும் சில டிகிரி தள்ளி, கிடைக்கும் இடத்தில் இறங்கு. அந்தப் 'போதிய உயரம்' எது என்பதை ஒவ்வொருவரும் தங்கள் விமானத்தில் 3000 அடிக்கு மேலே போய் அந்தத் திருப்பத்தைச் செய்து பார்த்து அளந்துகொள்ளலாம். அளக்காமல் நம்பிக்கையில் திரும்புவதுதான் கூடாது.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5-இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து பழைய ரயன் பயிற்சி விமானத்தில் புறப்பட்டதும் எஞ்சின் சக்தி போனது. முதலில் திரும்பி வர அனுமதி கேட்டார். எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்து கால்ஃப் மைதானத்துக்கு மாற்றிக்கொண்டார். மர உச்சியில் மோதி விழுந்து பலத்த காயம் அடைந்தாலும் பிழைத்தார். கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்து விடும் ஒரு சிறு பாகம் கழன்றிருந்ததை விசாரணை கண்டது. தோள்பட்டைப் பெல்ட் முறையாகப் பொருத்தப்படாததால் காயம் கூடியது என்பதையும் சேர்த்துச் சொன்னது. திரும்பும் முடிவைக் கைவிடத் துணிந்ததுதான் இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது.

## பயிற்சிக்கும் நிஜத்துக்கும் எங்கே இடைவெளி

முதலாவது, ப்ரொபெல்லர். பயிற்சியில் த்ராட்டிலை மூடினாலும் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சின் செத்துப்போனால் காற்று ப்ரொபெல்லரைச் சுழற்றும். அதற்கான ஆற்றல் விமானத்திலிருந்துதான் போகும். இழுவிசை கூடும். ஆகவே பயிற்சியில் எட்டிய வயல் நிஜத்தில் எட்டாமல் போகலாம்.

இரண்டாவது, திகைப்பு. மாணவருக்கு இன்று இந்தப் பாடம் என்று தெரியும். பயிற்றுநரின் கை த்ராட்டில் பக்கம் போவதை ஓரக்கண்ணால் பார்த்துவிடுவார். நிஜத்தில் அந்த முன்னறிவிப்பு இல்லை. 2009-இல் பறவைகள் மோதி எஞ்சின்கள் சக்தியிழந்து நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏர்பஸ் விமானத்தின் விசாரணையில், பறவை மோதிய உடனே திரும்பியிருந்தால் என்னவாகும் என்று சிமுலேட்டரில் பார்த்தார்கள். சில முயற்சிகளில் ஓடுபாதையை எட்ட முடிந்தது. நிலைமையைப் புரிந்துகொள்ளத் தேவையான 35 விநாடியைச் சேர்த்துப் பார்த்தபோது எட்டவில்லை. தேர்ந்த விமானிகளுக்கே அந்த நேரம் வேண்டும் என்னும்போது, முப்பது மணி நேரம் பறந்த மாணவருக்கு வேண்டாமா?

மூன்றாவது, வயல். ஒரு பயிற்சிப் பகுதியில் பழகப் பழக எல்லோருக்கும் பிடித்த ஒரே வயல் அமைந்துவிடும். மாணவர் தேர்ந்தெடுப்பதே இல்லை, நினைவுபடுத்திக்கொள்கிறார்.

நான்காவதுதான் பெரியது. 500 அடிக்குக் கீழே நடக்கும் எதுவும் பழக்கமாவதில்லை. அமெரிக்க விதிப்படி ஆட்கள், வாகனங்கள், கட்டடங்களுக்கு 500 அடிக்குள் போகக்கூடாது. பிரிட்டனிலும் அதே தூரம்தான். விதி சரியானது. ஆனால் அதன் விளைவாக, கடைசித் திருப்பம், காற்று மாறும் இடம், மரத்துக்கு மேலே வேகத்தைக் கைவிடாமல் இருப்பது, தரை மேலெழுந்து வரும்போது மூக்கைத் தள்ளிப் பிடிப்பது எல்லாம் மாணவரின் கற்பனைக்கே விடப்படுகின்றன. 500 அடியில் "எட்டியிருப்போம்" என்று பயிற்றுநரும் மாணவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்கிறார்கள். எட்டியிருப்போமா என்று யாரும் பார்த்ததில்லை.

## பயிற்சியே விபத்தாவது

எஞ்சின் செயலிழப்பைப் பழகும்போது நிஜமாகவே எஞ்சின் நின்றுபோவதும் நடக்கும். கார்புரேட்டர் உள்ள எஞ்சின்களில் இதற்கு முதல் காரணம் பனி. கார்புரேட்டருக்குள் எரிபொருள் ஆவியாகும்போதும், மூடிய த்ராட்டிலின் இடுக்கில் காற்று விரைந்து நுழையும்போதும் வெப்பநிலை 20, 30 டிகிரி வரை சரியும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் உள்ளே பனி கட்டும். வெளியே 25 டிகிரி இருந்தாலும் இது நடக்கும் என்பதால், நம் ஊர் மழைக்காலத்துக்கும் இது பொருந்தும். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருப்பதால் பனி சேர்வது தெரியாது. 500 அடியில் த்ராட்டிலைத் தள்ளும்போதுதான் தெரியும். அதனால் த்ராட்டிலை மூடும் முன்பே கார்புரேட்டர் ஹீட்டைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு 500 அல்லது 1000 அடிக்கும் ஒருமுறை சில விநாடி சக்தி கொடுத்து எஞ்சினைச் சரிபார்ப்பார்கள்.

மிக்ஸ்சரை இழுத்தோ எரிபொருளை மூடியோ எஞ்சினை நிஜமாகவே நிறுத்திப் பாடம் நடத்தும் பழக்கம் சிலரிடம் இருந்தது. தாழ்வான உயரத்தில் இதைச் செய்வதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. குமிழ்களைத் திருப்பாமல் தொட்டு மட்டும் காட்டி, வாயால் சொல்லிப் பழகுவதே சரியான முறை.

மேலே ஏறும் கணமும் ஆபத்தானது. முழு ஃபிளாப், சறுக்கு வேகத்துக்கான டிரிம், திடீரென்று முழுச் சக்தி. மூக்கு வேகமாக மேலே எழும். அழுத்திப் பிடிக்காவிட்டால் அங்கேயே ஸ்டால். முழு ஃபிளாப்போடு செஸ்னா 172 சிரமப்பட்டே ஏறும். சக்தி கொடுத்ததும் ஃபிளாப்பை 20 டிகிரிக்குக் கொண்டுவரச் சொல்கிறது கையேடு. அப்புறம், கீழே வேறு விமானம் இருக்கிறதா என்று இறங்கும் முன் இருபுறமும் திரும்பிப் பார்ப்பது. எல்லோருக்கும் பிடித்த அந்த ஒரே வயலின் மேல் இரண்டு பயிற்சி விமானங்கள் சந்திப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

## கடைசி 500 அடியை எப்படிப் பழகுவது

வயலில் முடியாததை ஓடுபாதையில் செய்யலாம். சுற்றுப்பாதையில் இறங்கும் இடத்துக்கு நேர் பக்கவாட்டில், 1000 அடியில் த்ராட்டிலை மூடிவிட்டு, திரும்பவும் தொடாமல் தரையைத் தொடும்வரை வருவது. அமெரிக்காவில் வணிக விமானி உரிமத் தேர்வில் இது கட்டாயம். தேர்வு எழுதும் விமானி முன்கூட்டியே குறித்துச் சொன்ன புள்ளியைத் தாண்டி 200 அடிக்குள் சக்கரம் தொட வேண்டும். முன்னால் ஓர் அடி விழுந்தாலும் தோல்வி. இந்த ஒருபக்க அளவுகோல் நியாயமானது. வயலில் 200 அடி தாண்டினால் மிஞ்சிய தூரத்தில் பிரேக் பிடித்து, தூரத்து வேலியில் மெதுவாகப் போய் முட்டலாம்; முன்னால் விழுந்தால் முழு வேகத்தில் கம்பியிலோ மரத்திலோ மோத வேண்டிவரும்.

இது சொந்தப் பறத்தலுக்கான (பணம் வாங்காமல் ஓட்டும்) உரிமத்துக்குக் கற்பவர்களுக்கும் வழக்கமாக வேண்டும் என்பதே என் வாதம். வேண்டிய விஷயங்கள் அதிகமில்லை. நெரிசல் இல்லாத ஓடுபாதை, கட்டுப்பாட்டு கோபுரத்தின் ஒத்துழைப்பு, பயிற்சிப் பள்ளியின் பொறுமை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் த்ராட்டிலை மூடாமல், ஒருநாள் 1500 அடியில் ஓடுபாதைக்கு மேலே, இன்னொரு நாள் கடைசித் திருப்பத்துக்குச் சற்று முன்னால், காற்று பலமாக வீசும் நாளில் ஒருமுறை, இரண்டு பேரும் எரிபொருளும் நிறைந்த எடையில் ஒருமுறை என்று மாற்ற வேண்டும். எட்டாது என்று தெரிந்தால் தயங்காமல் சக்தி கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். அதையும் அந்த முறையின் முடிவாகக் குறித்துவைக்க வேண்டும். பயிற்சிப் பகுதியில் வயலைத் தேர்ந்து 500 அடிவரை வருவதும், ஓடுபாதையில் 1000 அடியிலிருந்து தரைவரை வருவதும் சேர்ந்தால் முழுப் பாதையும் பழகியதாகிறது. இரண்டும் 500 முதல் 1000 அடிவரை ஒன்றின் மேல் ஒன்று படியும். வயலின் மேல் அந்த உயரத்தில் "எட்டும்" என்று மாணவர் சொல்லும்போது, ஓடுபாதையில் தரைவரை வந்து பார்த்த அனுபவம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும்.